மாடியில் தண்ணீர் ஊற்றுகிறவள்

செந்துறை ரோட்டில் சிவசுப்பிரமணியன் கட்டிய வீட்டை அரியலூரில் எல்லோரும் புது வீடு என்றே சொன்னார்கள். கட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, அதே மனையில் கான்கிரீட் போட்டு எழுப்பியது. பார்க்க லட்சணமான வீடுதான். ஆனால் சித்திரை பிறந்துவிட்டால் உள்ளே மனுஷர் இருக்க முடியாது. பகலெல்லாம் தளம் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். பொழுது சாய்ந்து வெளியே காற்று குளிரத் தொடங்கும்போது, குடித்த வெயிலை வீட்டுக்குள் கக்கும். சுவரில் கை வைத்தால் அடுப்பங்கல்லைத் தொட்டது மாதிரி சுடும்.

பிள்ளைகளைப் பற்றிக் கமலவேணிக்குக் கவலையில்லை. லீவு விட்டதும் திருமழபாடியில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கொள்ளிடக்கரைக் காற்று அவர்களைப் பார்த்துக்கொள்ளும். போன வருஷம் வரைக்கும் அவளும் கூடவே போய், பள்ளிக்கூடம் திறக்கும்போதுதான் திரும்புவாள். இந்த வருஷம் போக முடியவில்லை. மாமனார் ஆண்டவர் படுத்த படுக்கையாகிவிட்டார்.

போன கோடையில் ஒரு மத்தியான நேரம், தம் அறையில் மல்லாந்து விழுந்து கிடந்தவரை மகன்தான் பார்த்துத் தூக்கினான். வலது பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது. பேச்சும் போய்விட்டது. விழுந்து கிடந்தபோது கண் திறந்தபடி விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று சிவசுப்பிரமணியன் சொன்னான். இப்போதும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நேர் மேலே, வெள்ளையடித்த தளத்தின் அடிப்பக்கத்தை.

அந்த அறையை எப்படியாவது குளிர வைக்க வேண்டும் என்பதுதான் அன்றைக்குப் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சாக இருந்தது.

“மாடி மேல கீத்துக் கொட்டாய் போட்டுரலாங்க. வெயில் நேரா தளத்துல எறங்காது. எங்க சித்தப்பா வூட்ல அப்படித்தான் போட்டிருக்காங்க” என்றாள் கமலவேணி.

“இவ்வளவு பெரிய வூட்டக் கட்டிட்டு மேல கீத்தப் போட்டா பாக்கறவன் சிரிப்பான்.”

“அப்ப சுண்ணாம்பாவது அடிக்கச் சொல்லுங்க. வெள்ளையா இருந்தா சூடு வாங்காது.”

“மாடிக்கு யாரும் போக வேணாம்” என்றான் சிவசுப்பிரமணியன். சொன்ன வேகத்தில் அவன் குரல் உயர்ந்துவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்ததும், “படி இல்லாத வூடு. ஏணி வெச்சு ஏறி எவனாவது விழுந்து தொலைச்சா?” என்று தணிந்து முடித்தான்.

அந்த வீட்டுக்கு மாடிப்படி கிடையாது. மேல் தளம் எழுப்பும்போது படி கட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். மூங்கில் ஏணி ஒன்று கொல்லைக் கொட்டகையில் சாத்தியிருக்கும். அதை அவன் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்தான். திருடன் பயம் என்றான்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் தங்கராசைக் கூட்டி வந்தான். கடைத்தெருவில் சிவசுப்பிரமணியனின் உரக்கடைக்கு அடுத்த கடை தங்கராசுடையது. அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். சன்னலைத் திறந்து மூடினார்.

“ஏசி இந்த லைனுக்குத் தாங்காதுங்க. மத்தியானத்துல வோல்டேஜ் எங்க நிக்குது? ஃபேனே நொண்டிக்கிட்டுச் சுத்துது. ஸ்டெபிலைசர் வெக்கணும், ஒயர மாத்தணும், சன்னலச் சந்து இல்லாம அடைக்கணும். அதுக்குக் கூலர் தேவலாம். நம்மூரு காத்து காஞ்ச காத்து. ஈரத்த நல்லா வாங்கும். சன்னல்ல வெச்சுட்டு, எதிர்ச் சன்னலத் தொறந்து விட்டுரணும். மூடி வெச்சீங்கன்னா அறை புழுங்கிப் போயி பெரியவருக்குச் சளி புடிச்சிக்கும்.”

திருச்சியிலிருந்து கூலர் வந்து இறங்கியது. தகரப்பெட்டி, மூன்று பக்கமும் மரச்சீவல் அடைத்த தட்டி, அடியில் தண்ணீர்த் தொட்டி. மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றித் தட்டிகளின் மேல் வழிய விடும். உள்ளே இருக்கும் விசிறி ஈரக்காற்றை இழுத்து அறைக்குள் தள்ளும். ஓடத் தொடங்கியதும் ஆண்டவர் கண்ணை மூடித் தூங்கிவிட்டார். கமலவேணிக்கு மனசு நிறைந்துபோயிற்று.

ஆனால் அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றித் திருச்சிக் கடைக்காரனுக்கு என்ன தெரியும்? கிணற்றில் இருப்பது தண்ணீர் பாதி, சுண்ணாம்பு பாதி. ஒரு வாரத்துக்குள் தட்டிகளில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து, மரச்சீவல் கல்லாக இறுகிவிட்டது. காற்று உள்ளே வரவில்லை. தொட்டித் தண்ணீரை அன்றாடம் முழுக்க இறைத்துவிட்டுப் புதுசு ஊற்றும்படி தங்கராசு சொன்னார். கமலவேணி அப்படியே செய்தாள். தட்டிகளைக் கழற்றி வெயிலில் போட்டு, தென்னந்துடைப்பத்தால் தட்டி, உப்பை உதிர்த்து மாட்டினாள். அந்த வேலையை அவள் ஒரு நோன்பு மாதிரி செய்துகொண்டிருந்தபோதுதான் அக்கினி நட்சத்திரம் தொடங்கியது.

அன்றைக்கு உச்சிப்பொழுதில் கரண்ட் போயிற்று.

கூலரின் இரைச்சல் அடங்கியதும் வீடு காது அடைத்தது போல ஆகிவிட்டது. புருஷன் கடைக்குப் போயிருந்தான். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கமலவேணி பனை விசிறியை எடுத்துக்கொண்டு மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போது தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது.

யாரோ குடத்திலிருந்து தண்ணீரைத் தளத்தில் ஊற்றுகிறார்கள். சளசளவென்று விழுந்து, பரந்து, ஓடி அடங்கும் சத்தம். பிறகு வெறுங்காலோடு நடக்கும் ஓசை. கொஞ்சம் இடைவெளி. மறுபடி தண்ணீர்.

அவள் விசிறியை நிறுத்தினாள். ஆண்டவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விழும் ஒவ்வொரு முறையும் அவருடைய இடது கைவிரல்கள் பாயைப் பிறாண்டின.

“மாமா, மேல யாரு?”

அவர் வாய் கோணி, நாக்கு புரண்டு, ஏதோ சொல்ல முயன்றது. வெறும் காற்றுதான் வந்தது. அந்த நேரத்தில்தான் கமலவேணி இன்னொன்றைக் கவனித்தாள். கரண்ட் போய் வெகுநேரமாகியும் அறை சூடாகவில்லை. தளத்திலிருந்து குளுமை இறங்கிக்கொண்டிருந்தது. அடை மழைக்குப் பிறகு வரும் குளுமை.

ஏணிச் சங்கிலியின் சாவி சாமி மாடத்தில் இருப்பது அவளுக்குத் தெரியும். பூட்டைத் திறந்து, ஏணியை இழுத்துவந்து கிணற்றுப் பக்கத்துச் சுவரில் சாத்தினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். சத்தம் அதுவரைக்கும் கேட்டது. அவள் தலை தளத்துக்கு மேலே வந்ததும் நின்றுவிட்டது.

மாடி மொட்டையாக, வெள்ளை வெயிலில் தகதகத்துக் கிடந்தது. கால் வைத்ததும் பாதம் பொசுங்கியது. எங்கும் ஈரம் இல்லை. அவள் துள்ளித் துள்ளி நான்கு எட்டு வைத்திருப்பாள். கிணற்றைப் பார்த்த மூலையில் மட்டும் ஒரு ஈரத்திட்டு கண்ணில் பட்டது. ஆள் படுத்த நீளம் இருக்கும். பார்க்கப் பார்க்க அதன் ஓரங்கள் உள்வாங்கிக் காய்ந்தன. கால் பக்கம் போயிற்று, இடுப்பு போயிற்று, கடைசியில் தலை இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலம் நின்று, அதுவும் மறைந்தது. அந்த இடத்திலிருந்து புதுக் கான்கிரீட்டின் பச்சை வாசனை எழுந்து வந்தது.

எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. ஏணியைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அது தரையில் உரசிய சத்தம் அறைக்குள் கேட்டிருக்க வேண்டும். உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஒரு வருஷமாகக் கேட்காத குரல்.

“ஏணி” என்றார் ஆண்டவர். “ஏணி… ஏணி… எடுக்காத.”

சாயங்காலம் அவள் எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தான். “வெயில்ல தலை சுத்தி இருக்கும். உன்ன யாரு மேல ஏறச் சொன்னது?” என்றான். அப்பா பேசியதைக் கேட்டு அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்திருந்தாள். அவர் என்ன சொன்னார் என்றுகூட அவன் கேட்கவில்லை. சாவியை மாடத்திலிருந்து எடுத்து மடியில் செருகிக்கொண்டான்.

அதற்கப்புறம் அந்தச் சத்தம் ஒரு உச்சிப்பொழுதைக்கூட விடவில்லை. கூலரை ஓடவிட்டால் கேட்காது. ஆனால் கூலருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. வீடு தானாகக் குளிர்ந்தது. முதலில் ஆண்டவரின் அறை, பிறகு கூடம், பிறகு சமையல்கட்டு. ஊரே வெந்துகொண்டிருக்க, கோடை கொளுத்தும் தெருவிலிருந்து வாசல்படி தாண்டியதும் உடம்பு சிலிர்க்கும். சிவசுப்பிரமணியன் கடைத்தெருவில் பெருமையடித்துக்கொண்டான். “எல்லாம் கட்டற விதத்துல இருக்கு. தளம் போட்டப்ப தண்ணி காட்டினது அப்படி” என்று சொல்லித் திரிந்தான். எதிர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் மத்தியானத்தில் முறத்தையும் அரிசியையும் எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் வருவது நின்றுவிட்டது. ஏன் என்று கமலவேணி கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல கமலா, கை மரத்துப் போவுது” என்றாள் ஒருத்தி. சொல்லும்போது வாசலைத் தாண்டி உள்ளே பார்க்கவில்லை.

குளிர் நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. சுவர்கள் வேர்த்தன. பெட்டியிலிருந்த துணியில் பூஞ்சை படிந்தது. தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து வெள்ளையாக நின்றது. அவள் அதை மார்கழியில்தான் அப்படிப் பார்த்திருக்கிறாள். தங்கராசு கூலர் மோட்டாரைப் பார்க்க வந்தவர் ஸ்டூல் மேல் ஏறித் தளத்தின் அடியில் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார். “கூலர நிறுத்திப் போட்டுருங்கம்மா. இதுக்கு மேல குளிர வெக்க என்ன இருக்கு?” என்று சொல்லிவிட்டு, டீ போடுகிறேன் என்று அவள் சொன்னதையும் கேட்காமல் சைக்கிளை எடுத்தார்.

ஆண்டவருக்கு நடுக்கம் வந்துவிட்டது. கம்பளி போதவில்லை. கமலவேணி மண் சட்டியில் அடுப்புக்கரி போட்டுக் கனலாக்கி, அவர் கட்டிலுக்கடியில் வைத்தாள். கத்திரி வெயிலில், காக்கை வாய் பிளந்து கிடக்கும் வேளையில், அரியலூரில் ஒரு வீட்டில் மட்டும் கணப்பு எரிந்தது. அந்தக் கனலுக்கு மேலே கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு அழுகை முட்டியது. தலைக்கு மேலே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவசரமில்லாத, ஓய்ச்சல் இல்லாத வேலைக்காரியின் கை அது. நடையில் ஒரு களைப்பு வந்திருந்தது. ஒவ்வொரு தரமும் குடத்தை இறக்கும்போது கேட்கும் முனகலைக்கூட அவள் இப்போது அடையாளம் கண்டாள். அது ஒரு பெண்ணின் முனகல்.

சுவர் வேர்ப்பதைப் பார்த்த சிவசுப்பிரமணியன், மழைத்தண்ணீர் எங்கோ தேங்கித் தளம் ஊறியிருக்கிறது என்று தனக்குத்தானே முடிவு கட்டிக்கொண்டான். வீட்டைக் கட்டின கொத்தனார் வைத்திலிங்கத்துக்குச் சொல்லி அனுப்பினான். மழை பெய்து எத்தனை மாசமாயிற்று என்று கமலவேணி கேட்கவில்லை. கேட்டுப் பிரயோசனமில்லை.

வைத்திலிங்கம் வந்தபோது சிவசுப்பிரமணியன் ஏணியை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். கொத்தனார் மேலே ஏறினார். சிறிது நேரத்தில் இறங்கினார். முகம் சாம்பலாக இருந்தது.

“மேல ஈரமே இல்லம்மா. ஒரு வெடிப்பு இல்ல. ஆனா பொன்னாயி கொரலு…” என்று சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார்.

“யாரு பொன்னாயி?”

“ஒங்களுக்குத் தெரியாதா? நீங்க அப்ப ஊர்ல இல்ல போலிருக்கு. தளம் போட்டா அது காயாம தண்ணி கட்டி வெக்கணும், இல்லாட்டி வெடிச்சிரும். அந்த வேலைக்குப் பொன்னாயிய வெச்சிருந்தோம். பூமாலையோட சம்சாரம். கெணத்துல எறைச்சு, ஏணில ஏறி ஊத்துவா. அவ ஊத்தினதாலதான் இந்தத் தளம் இப்படி நிக்குது. அம்மன் கோயில் திருவிழா அன்னிக்கு நாங்க யாரும் வேலைக்கு வரல. அவ மட்டும் வந்திருக்கா. வேலைய முடிச்சுட்டுப் போறப்ப ரோட்டோரம் புங்க மரத்தடில வெயில் தாக்கி விழுந்து செத்துட்டான்னு சொன்னாங்க.” அவர் ஏணியைத் தொட்டுப் பார்த்துக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “எறங்கிப் போனவ எதுக்கும்மா இங்க வந்து முனகணும்?”

மறுநாள் மத்தியானம் கடைக்குப் போக விடாமல் கமலவேணி புருஷனைப் பிடித்து நிறுத்தினாள். மாமாவுக்கு உடம்புக்கு ஆகவில்லை, பக்கத்தில் இருங்கள் என்றாள். கட்டிலுக்கு ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அவன். கீழே கனல். ஆண்டவர் பல்லை நெறித்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

உச்சி வேளை வந்தது. முதல் குடம் விழுந்தது.

சிவசுப்பிரமணியன் தலை தூக்கவில்லை. இரண்டாவது குடம் விழுந்தது. நடக்கும் ஓசை அவன் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது.

“இத்தன நாளா மத்தியானத்துல நீங்க வூட்ல இல்லாம பாத்துக்கிட்டீங்க. ஏங்க?” என்றாள் கமலவேணி. “மாமா எந்த ஏணியச் சொல்றாரு?”

“ஏணி” என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. “எடுக்காதடா.”

சிவசுப்பிரமணியன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். பேச ஆரம்பித்தபோது கைகளை எடுக்கவில்லை.

“கோயில்ல பந்தலுக்குத் தோரணம் கட்ட ஏணி கேட்டாங்க. நான்தான் எடுத்துத் தோள்ல வெச்சேன். மேல அவ இருக்கான்னு நெனைக்கவே இல்ல கமலா. சத்தியமா நெனைக்கல. அப்பா மட்டும், யாராச்சும் மேல இருக்காங்களா பாருடான்னாரு. எவ இருக்கப் போறா இந்த வெயில்லன்னு சொல்லிட்டு நடந்துட்டேன். கோயில்ல மேளம். தெருவே அங்கதான் இருந்துச்சு. பொழுது போயி ஏணியோட திரும்பி வந்தா…” அவன் மூச்சை இழுத்தான். “குதிக்கக் கூட முடியாது அவளால. சுத்திக் கம்பியும் ஜல்லியும் கெடந்துச்சு. கேஸாயிரும்னு பயந்துட்டேன். நானும் அப்பாவும் கீழ எறக்கி மரத்தடில போட்டோம்.”

மேலே மூன்றாவது குடம் விழுந்தது.

கமலவேணி எழுந்து வாசலுக்கு வந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது. அந்தச் சூடு அவளுக்கு வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் ஒன்றாக உண்டு உறங்கிய மனுஷனை இனிமேல் எந்தக் கண்ணால் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுதால் மனசு ஆறிவிடும். அது கூடாது என்று தோன்றியது. பூமாலை எங்கே இருக்கிறான் என்று வைத்திலிங்கத்திடம் ஆள் விட்டுக் கேட்டாள். பெண்டாட்டி போனபிறகு அவன் தன் அக்கா இருக்கும் வாலிகண்டபுரத்துக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது.

விடிந்ததும் பெரம்பலூர் பஸ் ஏறி, அங்கே மாறி, வாலிகண்டபுரத்தில் இறங்கினாள். கோயில் கோபுரம் தெரிய வயல் வரப்பில் நடந்து அந்தத் தெருவுக்குப் போனாள். தோளில் மண்வெட்டியோடு வந்த பூமாலை அவளைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். நெட்டையான ஆள். வயசுக்கு மீறி நரைத்திருந்தான்.

“ஐயா வூட்டு அம்மாவா? என்னங்கம்மா, இவ்வளவு தூரம்?”

“குடிக்கத் தண்ணி குடுங்க பூமாலை” என்றாள்.

அவன் தயங்கினான். அவன் அக்கா செம்பில் கொண்டு வந்த தண்ணீரை வாங்கி முழுக்கக் குடித்தாள். பிறகு ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஏணியை எடுத்ததையும், மரத்தடியில் போட்டதையும், இப்போது மாடியில் கேட்பதையும் சொன்னாள். பூமாலையின் அக்கா வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். அவன் மண்வெட்டிப் பிடியைத் தடவியபடியே நின்றான்.

“எனக்குத் தெரியும்மா” என்றான் கடைசியில். “ரோட்டுல விழுந்தவளோட சீல எப்படி நனைஞ்சிருக்கும்? முடியெல்லாம் சிமிட்டித் தண்ணி காஞ்சு வெள்ளையா ஒட்டியிருந்துச்சு. நான்தானே தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போனேன்.”

“அப்ப ஏன் நீங்க கேக்கல?”

“யாருகிட்டம்மா கேக்கறது?”

அவன் மண்வெட்டியைச் சுவரோரம் வைத்தான்.

“இன்னமும் ஊத்தறாளா?”

“ஆமா.”

“சொன்ன வேலைய வுடமாட்டா. போதும்னு சொல்றதுக்கு ஆளு வரலியே அவளுக்கு” என்றான். அப்போதுதான் அவன் குரல் உடைந்தது. “நாளைக்கு வரேன்மா.”

சொன்னபடி மறுநாள் வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் வந்து சேர்ந்தான். வெளுத்த வேட்டி கட்டியிருந்தான். கையில் ஒரு புதுச் சேலையும் கொஞ்சம் பூவும் இருந்தன. சிவசுப்பிரமணியன் திண்ணென்று நிற்க முயன்றான், முடியவில்லை. “பூமாலை, நான்…” என்று தொடங்கினான்.

“அதெல்லாம் அப்பறம் ஊருக்கு முன்னாடி சொல்லுங்கய்யா. இப்ப ஏணியக் கொண்டாங்க” என்றான் பூமாலை.

ஏணியைச் சிவசுப்பிரமணியனே கொண்டுவந்து கிணற்றுப் பக்கம் சாத்தினான்.

“கீழ புடிச்சிக்கங்க. நான் சொல்ற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது.”

பூமாலை ஏறினான். கமலவேணி கிணற்றோரம் நின்றாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் முற்றத்துக்கே கேட்டது. அவன் தளத்தில் கால் வைத்தும் அது நிற்கவில்லை. மேலிருந்து அவன் குரல் வந்தது.

“எந்த எடத்துலய்யா கெடந்தா?”

சிவசுப்பிரமணியன் ஏணியைக் கெட்டியாகப் பிடித்திருந்தான். “இந்த… கெணத்துப் பக்கத்து மூலைல.”

“எப்படிக் கெடந்தா?”

“குப்புற. தலைய வெளிய நீட்டிக்கிட்டு… கீழ, ஏணி இருந்த எடத்தப் பாத்த மேனிக்கு.”

மேலே தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. பிறகு பூமாலை மெல்லப் பேசினான். பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்பும்போது பேசுவது போலப் பேசினான்.

“போதும் பொன்னாயி. தளம் நல்லா நின்னுருச்சு. கொடத்த வையி. இந்தா, சீல கொண்டாந்திருக்கேன். ஈரத்தோட எத்தினி நேரம் இருப்ப? வா, வூட்டுக்குப் போவலாம்.”

அவன் இறங்கினான். முகத்தை மேலே வைத்துக்கொண்டே, படிபடியாக. கையில் சேலையும் பூவும் இல்லை. தரையில் கால் ஊன்றிய பிறகு ஏணியைவிட்டு ஒதுங்கி நின்றான். “புடிச்சிக்கங்கய்யா. அவ எறங்கறா.”

மூங்கில் கிரீச்சிட்டது. உச்சிப்படி வளைந்து நிமிர்ந்தது. அதற்கடுத்த படி வளைந்தது. ஏணியில் யாரும் இல்லை. சிவசுப்பிரமணியனின் தோள்கள் பாரம் தாங்கி இறுகுவதைக் கமலவேணி கண்ணால் பார்த்தாள். மேலிருந்து துளித் துளியாகத் தண்ணீர் அவன் நெற்றியிலும் கையிலும் விழுந்தது. அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். கையை மட்டும் எடுக்கவில்லை.

“மெதுவா. இன்னும் ரெண்டு படிதான். கம்பி கெடக்கு, பாத்து வையி” என்று பூமாலை சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசிப் படி நிமிர்ந்தது. காய்ந்த மண்ணில் ஈரமாக ஒரு பாதம் பதிந்தது. பக்கத்தில் இன்னொன்று. சிறிய பாதங்கள். சிவசுப்பிரமணியனுக்கு எதிரில் அவை இரண்டும் சேர்ந்து கொஞ்ச நேரம் நின்றன. அவன் அப்படியே மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு தடங்கள் திரும்பி, பூமாலை நின்ற பக்கம் போயின.

வீட்டுக்குள்ளிருந்து சூடான காற்று வாசல் வழியாக வெளியே வந்து கமலவேணியின் முதுகில் மோதியது. உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தாள். ஆண்டவரின் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. கம்பளியை உருவி எடுத்தாள். கனல் சட்டியைத் தூக்கி வெளியே கொட்டினாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், கண்ணை நன்றாக மூடி, மூச்சு சீராக வர.

அவள் தெருவுக்கு வந்தபோது பூமாலை கொஞ்ச தூரம் போயிருந்தான். உச்சி வெயிலில் ரோட்டில் நிழலென்று எதுவும் இல்லை. மதில் ஓரமாக ஒரு முழ அகலத்துக்கு மட்டும் கறுப்பாக ஒரு கோடு கிடந்தது. பூமாலை அதில் நடக்கவில்லை. செருப்பில்லாத காலோடு, உருகிய தாரில், வெயிலில் நடந்துகொண்டிருந்தான். நிழல் பக்கம் திரும்பித் திரும்பி ஏதோ பேசிக்கொண்டே போனான்.